கப்பலில் அறை உயர்வு: கேட்பதற்கு முன் ஒரு கணக்கு



பள்ளி விடுமுறை நெருங்கும்போது ஆசிரியர் அறையில் சுற்றுலாப் பேச்சு எழுவது வழக்கம். கேமரன் மலை, லங்காவி என்று இருந்த அந்தப் பேச்சில் இப்போது உல்லாசக் கப்பலும் சேர்ந்துகொண்டது. நம் வட்டாரத்தில் அதற்குக் காரணமும் உண்டு. போர்ட் கிள்ளானை அடுத்த பூலாவ் இண்டா தீவில் உல்லாசக் கப்பல்களுக்கென்றே ஒரு முனையம் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெருங்கப்பல்கள் அங்கே வந்து நிற்கின்றன. 1993ஆம் ஆண்டில் கெந்திங் குழுமம் தொடங்கிய ஸ்டார் குரூஸ் நிறுவனத்தின் வழியாகவே நம்மில் பலர் இத்தகைய கப்பலை முதன்முதலாகப் பார்த்தோம். தாய் நிறுவனமான கெந்திங் ஹாங்காங் 2022இல் கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. ஸ்டார் குரூஸும் நின்றது. எனினும் மக்களின் கடற்பயண ஆசை நிற்கவில்லை. வேறு நிறுவனங்கள் அவ்விடத்துக்கு வந்துவிட்டன.

அண்மையில் பெற்றோர் சிலரும் உடன் பணியாற்றும் ஆசிரியர்களும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே. "அப்கிரேட் தருகிறோம் என்று மின்னஞ்சல் வருகிறதே, வாங்கலாமா?" என்பதே அது. குறைந்த வகை அறைக்குப் பதிவு செய்தவருக்கு அதைவிட உயர்ந்த வகை அறையைத் தருவதே அப்கிரேட். இங்கே அதை அறை உயர்வு என்று எழுதுகிறேன். இதைப் பற்றி விளம்பரங்கள் நிறையச் சொல்கின்றன. விளக்கம் குறைவாகவே இருக்கிறது. ஆகவே நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

முதலில் அறை வகைகளைத் தெரிந்துகொள்வோம். பெரும்பாலான கப்பல்களில் நான்கு வகைகள் உள்ளன. சன்னலே இல்லாத உள்ளறை. திறக்க முடியாத கண்ணாடிச் சன்னல் வழியே கடலைக் காணும் அறை. தனி முகப்பு மாடம் உள்ள பால்கனி அறை. வரவேற்பறையோடு கூடிய பெரிய சூட் அறை. ஒவ்வொரு வகைக்குள்ளும் பல உட்பிரிவுகள் உண்டு. அறை எந்தத் தளத்தில் இருக்கிறது, கப்பலின் முன்புறமா, நடுவிலா, பின்புறமா என்பதைப் பொறுத்து அவை பிரிக்கப்படுகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் நான்காம் தளத்து உள்ளறையிலிருந்து எட்டாம் தளத்து உள்ளறைக்கு மாற்றுவதும் நிறுவனத்தின் கணக்கில் ஓர் உயர்வுதான். சன்னலை எதிர்பார்த்துச் சென்றவருக்கு அங்கேயும் சுவரே கிடைக்கும்.

நிறுவனம் ஏன் அறையை உயர்த்தித் தருகிறது? கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்கிவிட்டால் காலியாக உள்ள அறை ஒரு காசும் ஈட்டாது. அறையில் ஆள் இருந்தாலோ, கட்டணத்துக்கு அப்பாலும் வருமானம் வரும். குடிபானம், புகைப்படம், கடை, கரையோரச் சுற்றுலா எனக் கப்பலுக்குள் அவர் செலவிடுவார். மலிவான உள்ளறைகள் விரைவில் விற்றுத் தீர்ந்துவிடும். பால்கனி அறைகள் சில மிஞ்சும். அப்போது உள்ளறைக்காரர் சிலரை மேலே நகர்த்திவிட்டால், காலியாகும் உள்ளறைகளை எளிதில் விற்கலாம். ஆதலால் அறை உயர்வைப் பரிசு என்று கருதாமல், காலி இடத்தை நிரப்பும் வணிக முறை என்று கருதுவதே சரி. இதில் குற்றம் ஏதும் இல்லை. நாம் அதைப் புரிந்துகொண்டு நடந்தால் போதும்.

அறை உயர்வு கிடைக்கும் வழிகள் முதன்மையாக நான்கு.

முதல் வழி, அறை எண் இல்லாத பதிவு. இதை 'கேரண்டி' அறை என்பார்கள். நாம் ஒரு வகையை மட்டும் தேர்ந்தெடுக்கிறோம். எந்த அறை என்பதை நிறுவனம் பின்னர் முடிவு செய்யும். நாம் கட்டணம் செலுத்திய வகைக்குக் குறையாத அறை உறுதி. சில வேளைகளில் மேல்வகை அறையும் கிடைக்கலாம். கட்டணமும் பெரும்பாலும் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையை விட்டுப் போய்விடுகிறது. ஒரு குடும்பம் இரண்டு அறைகளை இவ்வாறு பதிவு செய்தால், ஒன்று முன்கோடியிலும் மற்றொன்று பின்கோடியிலும் அமையக்கூடும்.

இரண்டாம் வழி, விலை குறையும்போது கேட்பது. இறுதித் தவணை செலுத்தும் நாள் வருவதற்குள் மேல்வகை அறையின் விலை இறங்கினால், வித்தியாசத்தை மட்டும் கட்டி மாறிக்கொள்ள இடம் உண்டு. சில வேளைகளில் அந்த வித்தியாசம் மிகச் சிறியதாகவும் இருக்கும். இதை யாரும் நம்மைத் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். நாமே வாரம் ஒருமுறை விலையைப் பார்த்து முகவரிடம் கேட்க வேண்டும். இறுதித் தவணைக்குப் பின் இக்கதவு பெரும்பாலும் மூடப்பட்டுவிடும்.

மூன்றாம் வழி, முகவரோ நிறுவனமோ தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ நேரடியாக ஒரு விலை கூறுவது. 'இவ்வளவு கூடுதலாகக் கட்டினால் பால்கனி' என்பார்கள். விலை தெளிவாக இருப்பதால் முடிவெடுப்பது எளிது. எந்தத் தளம், எந்த அறை எண் என்று அப்போதே கேட்டுவிட வேண்டும்.

நான்காம் வழி, ஏலம். ராயல் கரீபியன் நிறுவனம் இதை 'ராயல்அப்' என்கிறது. நார்வீஜியன் நிறுவனம் 'அப்கிரேட் அட்வான்டேஜ்' என்கிறது. செலிபிரிட்டி நிறுவனம் 'மூவ் அப்' என்கிறது. பெயர்கள் வேறானாலும் முறை ஒன்றே. எந்த வகை அறைக்கு எவ்வளவு தர விரும்புகிறோம் என்பதை நாம் குறிப்பிட்டு, கடன் அட்டை எண்ணையும் தந்துவிடுகிறோம். நிறுவனம் ஏற்கும்வரை தொகையை மாற்றலாம், விலகவும் செய்யலாம். ஏற்றுக்கொண்ட பிறகு பணம் எடுக்கப்படும், திரும்பக் கிடைக்காது. அறையின் இடத்தையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

ஏலத்தில் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. திரையில் தெரியும் தொகை ஓர் ஆளுக்கு உரியது. அறைக்கு இருவர் என்று வைத்து அது இரட்டிப்பாகும். தனியாக ஓர் அறையில் செல்பவரும் பெரும்பாலும் இருவருக்கான தொகையையே செலுத்த நேரும். அந்தத் தொகை ரிங்கிட்டிலா, அமெரிக்க டாலரிலா என்பதையும் பார்க்க வேண்டும். சில நிறுவனங்களில் சூட் அறைக்கு அன்றாடச் சேவைக் கட்டணமும் கூடுதல்.

துறைமுக முகப்பில் நின்று கேட்டால் கிடைக்குமா என்றும் வினவுகிறார்கள். ஏலமுறை வந்த பிறகு அந்த வாய்ப்பு மிகவும் சுருங்கிவிட்டது. காலி அறைகள் புறப்படும் நாளுக்கு முன்பே விலைபோய்விடுகின்றன.

நேரில் கேட்டுப் பெற்ற காலமும் ஒன்று இருந்தது. 1893 ஏப்ரலில் இளம் வழக்கறிஞராகத் தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட காந்தியடிகளுக்கு, பம்பாயில் முதல் வகுப்பில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மொசாம்பிக்கின் ஆளுநர் அதே கப்பலில் செல்வதால் எல்லா இடங்களும் நிறைந்துவிட்டனவாம். வேண்டுமானால் மேல்தளத்தில் செல்லலாம் என்றார் முகவர். காந்தியடிகள் அதற்கு இசையவில்லை. தாமே கப்பலுக்குச் சென்று தலைமை அதிகாரியைக் கண்டு பேசினார். பயணிகளுக்கு வழக்கமாகத் தராத ஓர் இடம் தம் சொந்த அறையில் இருக்கிறது என்று கூறி, அதை அந்த அதிகாரி அவருக்கு அளித்தார். தம் வரலாற்று நூலில் காந்தியடிகளே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

காந்தியடிகள் மறுத்த அந்த மேல்தளத்தில்தான் நம் முன்னோரில் பெரும்பாலோர் இந்நாட்டுக்கு வந்தார்கள். இதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமே பிற்காலத்தில் போர்ட் கிள்ளான் எனப் பெயர் பெற்றது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் 'ராஜுலா' கப்பல் நெடுங்காலம் ஓடியது. 1926இல் கட்டப்பட்ட அக்கப்பலில் அறைப் பயணிகள் மிகச் சிலர். தளப் பயணிகளோ ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது அது. பாய் விரித்த இடமே படுக்கை. தகரப் பெட்டியே சுவர். ஏறத்தாழ ஒரு வாரம் அப்படியே கழியும். இறங்கிய பின்னும் வேறுபாடு தொடர்ந்தது. தளப் பயணிகள் தொற்றுத் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டார்கள். பினாங்குக்கு அருகில் ஜெரெஜாக் தீவிலும், இங்கே போர்ட் சுவெட்டன்ஹாமிலும் அத்தகைய முகாம்கள் இருந்தன.

ராஜுலாவின் காலம் 1970களின் தொடக்கத்தில் முடிந்தது. அதன் பின் 'சிதம்பரம்' என்ற கப்பல் சென்னைக்கும் நம் துறைமுகங்களுக்கும் இடையே ஓடியது. அதில் அறை வகுப்பும் படுக்கை வகுப்பும் இருந்தன. தரையில் பாய் விரிக்கும் நிலை மாறியிருந்தது. 1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் நேர்ந்த தீ விபத்தில் உயிர்கள் பறிபோயின. அத்தோடு அப்பயணமும் முடிவுக்கு வந்தது.

இவ்வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களோடு பணியாற்றும் ஆசிரியை ஒருவரின் தாயார் எண்பதை நெருங்கும் மூதாட்டி. 1952இல் ஐந்து வயதுச் சிறுமியாக நாகப்பட்டினத்தில் ராஜுலாவில் ஏறியவர். இரவில் கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிடக் கூடாதென்று, அவருடைய தாயார் தம் சேலை முந்தானையின் நுனியை மகளின் மணிக்கட்டில் முடிந்துவிட்டுத்தான் உறங்குவாராம். அதற்குப் பின் அவர் கப்பல் ஏறியதே இல்லை. அவரை அழைத்துக்கொண்டு மூன்று இரவுப் பயணம் செல்ல அக்குடும்பம் முடிவு செய்தது. கதவு வழியே ஒன்றோடொன்று இணைந்த இரண்டு சன்னல் அறைகளை எண்ணோடு பதிவு செய்தார்கள். ஒன்றில் பாட்டியும் பன்னிரண்டு வயதுப் பேத்தியும். மற்றொன்றில் ஆசிரியையும் கணவரும் மகனும்.

பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் அறை உயர்வுக்கான அழைப்பு வந்தது. பாட்டியின் அறைக்கு மட்டும் பால்கனி, தொகையும் பெரிதன்று. மூவர் தங்கும் அறைக்கு அவ்வாய்ப்பு வரவில்லை. இது தற்செயல் அன்று. ஓர் அறையில் எத்தனை படுக்கைகள் உண்டோ அத்தனை பேரே தங்கலாம். மூன்று நான்கு படுக்கைகள் கொண்ட பால்கனி அறைகள் குறைவு. மேலும் கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் உயிர்காப்புப் படகின் கொள்ளளவுக்கு ஏற்ப ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது அதில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தார்கள். படகுகளிலோ ஏறத்தாழ 1,180 பேருக்கே இடம் இருந்தது. அதன் விளைவாக 1914இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கையும், அதைத் தொடர்ந்து வந்த விதிகளும் கப்பலில் உள்ள அனைவருக்கும் படகில் இடம் வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. ஆகவே குடும்பமாகச் செல்வோர்க்கு அறை உயர்வு அரிதாகவே அமையும். இருவராகச் செல்வோர்க்கே வாய்ப்பு மிகுதி.

ஆசிரியைக்கு மனம் ஊசலாடியது. தரையில் பாய் விரித்து வந்த அம்மாவுக்கு இப்போதாவது பால்கனியில் ஒரு நாற்காலி போட வேண்டும் என்பது அவர் ஆசை. அதில் பிழை காண யாரால் முடியும்? முகவரோ, "மலிவாக வருகிறது, விட்டுவிடாதீர்கள்" என்று நாள்தோறும் அழைத்தார். என்னிடம் கருத்துக் கேட்டபோது மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

உயர்வு பெற்ற அறை எங்கே அமையும்? அமையும் இடத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார்கள். மேல் தளங்களிலேயே பால்கனி அறைகள் மிகுதி. ஆகவே சில தளங்கள் மேலே போக நேரலாம். நள்ளிரவில் பாட்டிக்கு உடல்நலம் குன்றினால் யார் அழைப்பார்கள்? பன்னிரண்டு வயதுச் சிறுமி தொலைபேசியில் அழைக்க வேண்டும். அழைப்பை யாரும் எடுக்காவிட்டால் நீண்ட நடைவழிகளைக் கடந்து இறங்கி வந்து கதவைத் தட்ட வேண்டும். அலை ஆட்டம் எங்கே குறைவு? சிறுவர் பூங்காவில் உள்ள சீசாப் பலகையை நினைத்துப் பாருங்கள். கோடியில் அமர்ந்தவர் ஏறி இறங்குவார். நடுவில் நிற்பவர் அவ்வளவாக அசைவதில்லை. கப்பலும் அத்தகையதே. கீழ்த்தளத்தின் நடுப்பகுதியே ஆட்டம் குறைந்த இடம். விலை உயர உயர உடலுக்கு இதமும் உயரும் என்பதற்கு உறுதி இல்லை.

மூதாட்டியிடமும் கேட்டோம். வீட்டில் முடிவெடுக்கும்போது முதியவரைக் கேட்பது பல நேரங்களில் மறந்துபோகிறது. அவர் சிரித்துக்கொண்டே, "கடல் தெரியுதுல்ல தம்பி, அது போதும். கூப்பிட்டா மக காதுல விழணும்" என்றார். அழைப்பை அவர்கள் ஏற்கவில்லை. இணைப்புக் கதவு உள்ள அந்த இரண்டு சன்னல் அறைகளிலேயே சென்று வந்தார்கள். அம்மா பெரும்பாலான நேரம் சன்னல் அருகிலேயே அமர்ந்திருந்ததாகவும், இரவில் அந்தக் கதவைச் சாத்தவே விடவில்லை என்றும் ஆசிரியை திரும்பி வந்து கூறினார். பால்கனி வாங்கித் தராத குறை தமக்குச் சிறிது இருக்கிறது என்றும் சொன்னார். அது அவர் மனத்தில் இருக்கத்தான் செய்யும்.

அறை உயர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணவன் மனைவி இருவராகச் செல்வோர், எந்தத் தளமானாலும் சரி என்போர், உள்ளறையில் பதிவு செய்து சிறு தொகைக்கு ஏலம் கேட்பது நல்ல வழியே. கிடைத்தால் மகிழ்ச்சி; கிடைக்காவிட்டால் இழப்பில்லை. ஆனால் முதியோர், சிறு பிள்ளைகள், சக்கர நாற்காலியில் செல்வோர் உடன் இருந்தால் அறையின் வகையைவிட அறையின் இடமே முதன்மையானது. சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவும் கைப்பிடிகளும் கொண்ட அறைகள் தனியே உள்ளன. உயர்வு பெறும்போது அந்த வசதியும் தானாகத் தொடரும் என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளறையைத் தேர்ந்தால், விளக்கணைத்த பின் முழு இருட்டாக இருக்கும் என்பதால் முதியோர்க்கு ஒரு சிறு இரவு விளக்கு தேவை. பால்கனி அறையில் சிறு பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது. நீச்சல் குளத்துக்கு நேர்கீழே உள்ள அறையில் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் ஓசை கேட்கும். சில சன்னல்களின் முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கும். கடல் பாதிதான் தெரியும். பதிவு செய்யும் முன் கப்பலின் தள வரைபடத்தைப் பார்த்தால் இவை யாவும் விளங்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதை ஒரு கணக்குப் பாடமாகவே நடத்தலாம். நான் வகுப்பில் கொடுத்த கணக்கு இது. எண்கள் எடுத்துக்காட்டுக்காக நானே அமைத்தவை. பதிவு செய்த நாளில் சன்னல் அறை ஆளுக்கு 900 ரிங்கிட், பால்கனி அறை ஆளுக்கு 1,100 ரிங்கிட். பின்னர் ஏலத்தில் ஆளுக்கு 150 ரிங்கிட் கேட்கிறார்கள். அறையில் இருவர்; மூன்று இரவுகள். அறைக்கு எவ்வளவு கூடுதல்? ஓர் இரவுக்கு எவ்வளவு? முதல் நாளிலேயே பால்கனி வாங்கியிருந்தால் ஆகும் செலவைவிட எவ்வளவு மிச்சம்?

அறைக்கு 300, இரவுக்கு 100, மிச்சம் 100 என்று விரைவாகவே விடை வந்தது. பிறகு ஒரு மாணவி எழுந்து, "மிச்சமான நூறு வெள்ளிக்காக நாம் எந்த அறை என்று சொல்லும் உரிமையைக் கொடுத்துவிடுகிறோமா ஐயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை. குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். விடுமுறைக்கு முன் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பேசிப் பார்க்கலாம்.